அன்றைக்குக் கிராணி இல்லை

போலீஸ் நம் காரை நிறுத்தினால் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுத்தவன் என் தம்பி. அவன் லோரி ஓட்டுகிறான். ஈப்போவிலிருந்து தெற்கே போகும் பழைய ரோட்டில் எந்த மரத்தடியில் எந்த நேரத்தில் கேமரா நிற்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஒருநாள் புந்தோங்கில் என் வீட்டு வாசலில் நின்று விரல் விட்டுச் சொன்னான்.

"கண்ணாடிய எறக்கு. இஞ்சின ஆஃப் பண்ணு. ரெண்டு கையையும் ஸ்டீரிங் மேல வையி. 'சோரி துவான்'னு ஒரே ஒரு தடவ சொல்லு. அப்புறம் வாய மூடிக்க, அக்கா. ஒனக்கு அது ஒண்ணுதான் வராது."

அவன் சொன்னது சரி. எனக்கு வாயை மூடிக்கொள்ள வராது. ஜெலாப்பாங்கில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியில் நாற்பது பேரை மேய்க்கிறேன். வீட்டிலும் அதே குரல்தான். யாராவது பதில் சொல்லத் தடுமாறினால் அவர்களுக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிவிடுவேன். அம்மா விஷயத்தில் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்திருக்கிறேன்.

அம்மா சுங்காயில் இருக்கிறாள். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் பிறந்தாள், அங்கேயே பால்மரம் வெட்டினாள், தோட்டத்தில் வேலை முடிந்தபின் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தாள். ஒரே வயிற்றில் பிறந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு நீல ஐசி, அதாவது குடிமக்களுக்கான அடையாள அட்டை. அம்மாவுக்கு மட்டும் சிவப்பு. சிவப்பு என்றால் இந்த நாட்டில் இருந்துகொள்ளலாம், ஆனால் இந்த நாட்டுக்காரி இல்லை. ஓட்டுப் போடும் நாளில் நாங்கள் எல்லாரும் விரலில் மையோடு அவள் வீட்டுக்குப் போவோம். அவள் கோழி சமைத்து வைத்திருப்பாள். என் மகள் சின்னவளாக இருந்தபோது, "பாட்டி வெரல மட்டும் கழுவிட்டாங்களா?" என்று கேட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே அவளுக்குச் சோறு போட்டாள். ஏன் சிவப்பு என்று கேட்டால், "பதியாம விட்டுட்டாங்க" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை. நானும் மேற்கொண்டு கேட்டதில்லை.

குடியுரிமைக்கு நாங்கள் மனுப் போட்டு, ஒருமுறை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மலாயில் பேச வேண்டும். 'ஏன் குடியுரிமை வேண்டும்' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள் எனக் கேள்விப்பட்டு, எட்டு வரியில் ஒரு பதில் எழுதிக்கொடுத்தேன். விசுவாசம், கடமை, நாட்டின் முன்னேற்றம், எல்லாம் அதில் இருந்தது. அம்மா இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். அதிகாரி மறுபடி மெதுவாகக் கேட்டாராம். அம்மா சிரித்தாளாம். அவ்வளவுதான். சில மாதம் கழித்து, மனு ஏற்கப்படவில்லை என்று கடிதம் வந்தது. எட்டு வரியை மனப்பாடம் செய்ய முடியாதா என்று ஒரு வாரம் அவளைத் திட்டினேன். இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

மறுபடி மனுப் போட்டு இரண்டாவது நேர்காணல் வந்தது. காலை பத்து மணி, ஈப்போவில். இந்தத் தடவை அந்த எட்டு வரியை மூன்றாகச் சுருக்கி, ஒரு பள்ளிக்கூட நோட்டில் மலாய்ப் பதில்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். மூன்று வாரம் ராத்திரி ராத்திரி போனில் கேள்வி கேட்டேன். முதல் கேள்வி எப்போதும் 'ஆப்பா காபார்?' சௌக்கியமா என்று அர்த்தம். அதற்கு 'காபார் பாய்க், துவான்', நல்லா இருக்கேன் ஐயா, என்று சொல்ல வேண்டும். அம்மா அதை மட்டும் டக்கென்று சொல்வாள். அதற்கடுத்ததில் இழுப்பாள்.

"யூனிஃபாம் போட்டவங்க கேட்டா நிமிந்து ஒக்காந்து சத்தமா சொல்லணும். வாய மூடிட்டு இருக்கக் கூடாது, சரியா?" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அன்று இருட்டோடு கிளம்பிச் சுங்காய்க்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டேன். ஹைவேயில் போயிருந்தால் நேரத்தோடு போய்ச் சேர்ந்திருப்போம். கம்பாரில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றாமல் வரமாட்டேன் என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். என் அப்பாவோடு அவளுக்குக் கல்யாணம் மந்திரித்த கோயில் அது. பழைய ரோட்டில் கம்பாருக்கு வந்தால் கோயில் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அவர் வந்து, திறந்து, அம்மா மண்டிபோட்டு எழுந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. "சாமி பாத்துக்கும்லா" என்றாள். சாமியா கார் ஓட்டப் போகிறது என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு அழுத்தினேன்.

கோப்பெங் வருவதற்குமுன் ரோடு நேராக ஓடும். தொண்ணூறு போகலாம். நூற்றுப் பத்துக்கு மேல் முள் போனதை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் போனேன். ஒரு வளைவு திரும்பியதும் மஞ்சள் சட்டை மாட்டிய ஒரு போலீஸ்காரர் ரோட்டுக்கு நடுவில் வந்து கையைக் காட்டினார்.

காரை ஓரம் கட்டினேன். மணி ஒன்பது இருபத்தைந்து. தம்பி சொன்னது எதுவுமே நினைவுக்கு வரவில்லை. நினைவுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். போன தடவை கடிதத்தில் இருந்த அந்த ஒற்றை வரி. இந்தத் தடவையும் போனால் அம்மாவை மூன்றாவது முறை கிளப்ப என்னால் முடியாது. அவளுக்கும் அறுபத்தைந்து ஆகப்போகிறது.

கண்ணாடியில் அவர் நடந்து வருவது தெரிந்தது.

"அம்மா, சாஞ்சுக்க. கண்ண மூடு. ஒனக்கு நெஞ்சு வலின்னு சொல்லப் போறேன். என்னா கேட்டாலும் வாயத் தொறக்காத."

"எனக்கு நெஞ்சு வலியா?"

"நடிம்மா."

அம்மா பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். மடியில் அந்த நோட்டு, அதன்மேல் ஜெபமாலை.

கண்ணாடியை இறக்கினேன். சின்ன வயது மலாய்க்காரர். லைசென்ஸ் கேட்டார். எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா என்று கேட்டார். நான் சோரிகூடச் சொல்லவில்லை. அம்மாவுக்கு நெஞ்சு வலி, அவசரம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று மலாயில் கொட்டினேன். என் குரல் நன்றாகவே நடுங்கியது. அதற்கு நடிக்கத் தேவையே இல்லை.

அவர் முகம் மாறியது. உடனே ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரி கம்பாரில் இருக்கிறதே, நீங்கள் அங்கிருந்துதானே வருகிறீர்கள் என்றார். கேள்வியில் சந்தேகம் இல்லை, அக்கறைதான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. ஈப்போவில்தான் அம்மாவின் டாக்டர் என்றேன். ஈப்போ தூரம், காரைத் திருப்புங்கள், நான் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்க் கம்பாருக்கு வழி எடுத்துக்கொடுக்கிறேன் என்றார். இடுப்பில் இருந்த வாக்கி டாக்கியில் கை வைத்துவிட்டார்.

கம்பாருக்குத் திரும்பினால் நேர்காணல் போச்சு. வேண்டாம் என்றால் பொய் வெளியே வந்துவிடும். வேண்டாம் துவான், கொஞ்சம் பரவாயில்லை இப்போது என்று உளறினேன். அவர் என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் சுற்றிப் போய் அம்மாவின் கண்ணாடியைத் தட்டினார். நான்தான் பட்டனை அமுக்கி இறக்கினேன். அவர் குனிந்து, பெரியம்மா என்று முறை வைத்து, மிக மென்மையாகக் கேட்டார்.

"ஆப்பா காபார், மாக்சிக்?"

அம்மாவின் கண் திறந்துகொண்டது. முதுகு நிமிர்ந்தது. நோட்டின்மேல் இரண்டு கையையும் வைத்தாள்.

"காபார் பாய்க், துவான்!"

மூன்று வாரமாக நான் எதிர்பார்த்த சத்தம். பால்மரக் காட்டில் நாலு நிரை தாண்டிக் கேட்கும் குரல். அதோடு நிற்கவில்லை. தன் பெயரைச் சொன்னாள். சுங்காயில் பிறந்தேன், சுங்காயில் குடியிருக்கிறேன் என்றாள். எனக்கு இரண்டு பிள்ளைகள் என்றாள். இந்த நாட்டுக்கு நான் விசுவாசமானவள் என்றாள். ஒரு வரி பிசகவில்லை.

போலீஸ்காரர் நிமிர்ந்து காரின் கூரைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் கீழே இறங்கி நின்றிருந்தேன். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை. ஒரு லோரி காற்றை அடித்துக்கொண்டு போனது. அம்மாவுக்கு என்ன வியாதி என்று மறுபடி கேட்டார். இப்போது குரலில் மென்மை இல்லை.

போலீஸ்காரரிடம் பொய் சொன்னேன் என்று எழுதிவிட்டால் அது அம்மாவின் மனுவில் போய் ஒட்டிக்கொள்ளுமா? அந்த நிமிடத்தில் எனக்கு அது நிச்சயம் என்றே தோன்றியது. அவள் வெள்ளைக் காகிதமாக இத்தனை வருடம் இருந்ததில் நான் மை கொட்டிவிட்டேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்தது. இந்த வயதில், பெற்ற தாயை நெஞ்சு வலிக்காரியாகப் படுக்கவைத்த வெட்கம். எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு ஐசி, பத்து மணி, போன தடவை, பூட்டியிருந்த கோயில், எல்லாம். என் மலாய் சும்மாவே நல்ல மலாய். அன்று சின்னப் பிள்ளையின் மலாய் மாதிரி வந்தது.

அவர் கையை நீட்டி அம்மாவின் ஐசியைக் கேட்டார். அம்மா அதைத் தேய்ந்த ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக் கேட்டார். மாக்சிக் இங்கேதான் பிறந்தீர்கள் என்கிறீர்கள். அப்புறம் ஏன் சிவப்பு?

அந்தக் கேள்வி நோட்டில் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கார்களை நிறுத்துகிற அதே கை.

அம்மா போன தடவைபோலச் சிரித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இத்து ஹாரி கிராணி தாக் ஆடா, துவான்."

அன்றைக்குக் கிராணி இல்லை ஐயா. தோட்டத்து மலாயில் அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மெதுவாக மீதியையும் சொன்னாள். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. பிறப்பு இறப்பு எதுவானாலும் அவர்தான் எழுதி டவுனுக்கு அனுப்ப வேண்டும். அம்மா பிறந்த மூன்றாம் நாள் அவளுடைய அப்பா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறார். கிராணி இல்லை. நாளைக்கு வா என்றிருக்கிறார்கள். மறுநாள் மரம் வெட்டப் போயாக வேண்டும். அதற்கடுத்த நாளும். பிறகு எல்லாருக்கும் மறந்துபோனது. மற்ற நாலு பேர் பிறந்தபோது கிராணி இருந்தார்.

எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. இந்தக் கதையை ரோட்டோரத்தில், ஒரு போலீஸ்காரரோடு சேர்ந்துதான் நானும் முதல்முறையாகக் கேட்டேன். எட்டு வரி எழுதத் தெரிந்த எனக்கு இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை.

அவர் ஐசியையும் என் லைசென்சையும் திருப்பிக் கொடுத்தார். பொய் சொன்னதற்கு என்னை நாலு வார்த்தை கேட்டார். நியாயமான வார்த்தைகள். இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடுகிறேன், மெதுவாகப் போங்கள், செத்துப்போனால் எந்த ஐசியும் உதவாது என்றார். மணி ஒன்பது நாற்பது. நன்றி சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகப் போனேன்.

"துவான்," என்றாள் அம்மா. "காசி சூராட்."

சீட்டுக் கொடுங்கள் என்கிறாள். அவருக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அம்மா விளக்கினாள். இனி எப்படிப் போனாலும் லேட்டுதான். அங்கே போய் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்கள் நிறுத்தினீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். இடமும் நேரமும் போட்டுக் கொடுங்கள்.

அப்படி எழுதிக்கொடுக்க என்னிடம் இருக்கும் காகிதம் சம்மன் மட்டும்தான், எழுதினால் உங்கள் மகள்தான் அபராதம் கட்ட வேண்டும் என்றார் அவர். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

"தாப்பா, துவான்," என்றாள். பரவாயில்லையாம்.

"அம்மா, ஒனக்குப் பைத்தியமா? சும்மா விட்டவர கூப்பிட்டு சம்மன் எழுதச் சொல்றியே."

"நீ வேகமா வந்தது நெசந்தானே? எழுதட்டும். எழுதாம விட்டுதான் நான் இப்படி நிக்கிறேன்."

அவர் எழுதினார். நிதானமாக, கார் பானெட்டின்மேல் வைத்து எழுதினார். ஒவ்வொரு எழுத்துக்கும் எனக்கு ஒரு நிமிடம் போவதுபோல இருந்தது. கடைசியில் அதைக் கிழித்து, ஓட்டிவந்த என்னிடம் தராமல், அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அதன்பிறகு தொண்ணூறைத் தாண்டவில்லை. சிம்பாங் பூலாயில் சிவப்பு விளக்கு, ஈப்போவுக்குள் இரண்டு சிவப்பு விளக்கு. அம்மா ஜெபமாலை உருட்டினாள். நோட்டைத் தொடவே இல்லை. பார்க்கிங் தேடி, மாடி ஏறி, கவுண்டரில் போய் நின்றபோது மணி பத்தே கால் ஆகியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் பட்டியலைப் பார்த்தார். பெயரை இரண்டு முறை கூப்பிட்டாயிற்று, வேறு தேதிக்குக் கடிதம் வரும், காத்திருங்கள் என்றார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அம்மா என் கையை விலக்கிவிட்டு முன்னால் போய், அந்தச் சம்மனை மேசைமேல் விரித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவினாள்.

"போலீஸ் தாஹான்," என்றாள். போலீஸ் நிறுத்திவிட்டது.

அந்தப் பெண் படித்தார். நேரத்தை ஒருமுறை, வேகத்தை ஒருமுறை. பிறகு தலைதூக்கி அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் இருவரும் நின்றோம். அம்மாவின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. அல்லது நான் அவளுடையதைப் பிடித்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்து, கடைசியாகக் கூப்பிடுவார்கள், உட்காருங்கள் என்றார். அம்மா முதலில் சம்மனைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அது இன்னும் அவளிடம்தான் இருக்கிறது, ஞானஸ்நானச் சீட்டோடு ஒரே ஃபைலில். அபராதம் கட்டப் போனபோது எனக்கு அதன் நகலைத்தான் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பள்ளிக்கூட நோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் அதை என் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். கால்மணி நேரத்தில் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மாடிப்படி இறங்கும்வரை நான் கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்டிருந்த மிக நீண்ட நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுவிட்டுக் கேட்டேன்.

"என்னம்மா கேட்டாங்க?"

"ஆப்பா காபார்னு கேட்டாங்க. அப்புறம் அந்தக் கேள்விதான். ஏன் வேணும்னு."

"மூணு வரியும் சொன்னியா?"

"இல்ல." ஜெபமாலையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "அன்னிக்கு கிராணி இல்லன்னு சொன்னேன். இன்னிக்கு துவான் இருக்கீங்க, எழுதிடுங்கன்னு சொன்னேன்."

கடிதம் இன்னும் வரவில்லை. அன்று நான் சாவியைத் திருகாமல் ஸ்டீரிங்கின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி வழியாக எதிரே இருந்த சுவர் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"போலாம்லா," என்றாள். "மெதுவா ஓட்டு."